வெளிவராத கேமுக்கு வந்த மதிப்பெண்: சண்டை போடுமுன் பார்க்க வேண்டியவை

புதன்கிழமை ஆனால் எங்கிருந்தோ ஒரு படம் வந்து விழும். யாரோ கோணலாகப் பிடித்த ஒரு பத்திரிகைப் பக்கம். தாளின் வளைவில் பாதி எழுத்து மங்கியிருக்கும். நான்கு விமர்சகர்கள் ஒரு கேமுக்குக் கொடுத்த எண்கள் மட்டும் பளிச்சென்று தெரியும்: 9, 9, 8, 8. கூட்டினால் 40க்கு 34. ஜப்பானின் ஃபமிட்சு என்ற வீடியோ கேம் வார இதழ் கடைக்கு வருவதே வியாழக்கிழமைதான். அதற்குள் "வெறும் 34 தானா?" என்று ஒரு கூட்டமும், "34ஏ அதிகம்" என்று இன்னொரு கூட்டமும் குடுமிப்பிடியில் இறங்கியிருக்கும். கேம் வர இன்னும் ஒரு வாரம் இருக்கும்.

இரு தரப்பும் கேமை ஆடவில்லை. கையில் இருப்பது ஆடியவர் எழுதிய தாள் ஒன்றுதான். அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் வாதத்தில் நிற்பார். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டவர் கேம் வெளியான மறுநாள் காணாமல் போவார். விமர்சகர் என்ன ஆடினார், எந்தக் கன்சோலில் (கேம் ஆடும் பெட்டியில்) ஆடினார், எப்போது ஆடினார், எந்த அளவுகோலால் அளந்தார் என்ற நான்குக்கும் விடை தெரியும் வரை எண்ணைத் தொடாதீர்கள்.

முதலில், அது விமர்சனம்தானா?

பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். அட்டைப்படக் கட்டுரையும் பிரிவ்யூ என்ற முன்னோட்டக் கட்டுரையும் விமர்சனம் ஆகாது. பிரிவ்யூ எழுதுபவர் பார்த்தது பெரும்பாலும் நிறுவனம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒரு துண்டு: ஒன்றிரண்டு கட்டங்கள், அருகில் நிறுவனத்தின் ஆள், கைக்கடிகாரத்தில் ஒரு கண். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது 60 மணி நேர ஆர்பிஜிக்கு (ஒரு கதாபாத்திரமாகவே கதைக்குள் ஆடும் கேமுக்கு) செல்லாது. முதல் இரண்டு மணி நேரம் அருமையாக இருந்து, பதினைந்தாம் மணியில் ஒரே குகையை நான்காவது முறை சுற்றவிடும் கேம்கள் ஏராளம்.

அடையாளம் காண்பது எளிது. வினைச்சொற்களைப் பாருங்கள். "இருக்கும்", "எதிர்பார்க்கலாம்", "மெருகேறும்" என்று எதிர்காலத்திலேயே ஓடினால் பிரிவ்யூ. "இருக்கிறது", "சலிக்கிறது", "முடிகிறது" என்று நிகழ்காலத்தில் பேசி, அடியில் மதிப்பெண்ணும் இருந்தால் விமர்சனம். பிரிவ்யூவில் வந்த ஒரு பாராட்டு வரியை "பத்திரிகையே சொல்லிவிட்டது" என்று தூக்கிவந்தால், எதிராளி இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே உங்களை உட்கார வைத்துவிடுவார்.

இதழ் யாருடையது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். 1988 முதல் 2012 வரை வந்த நின்டெண்டோ பவர் இதழ், மரியோ கேம்களைச் செய்யும் நின்டெண்டோ நிறுவனத்தின் சொந்த வீட்டுப் பிள்ளையாகவே தொடங்கியது. 1991ல் பிறந்த அமெரிக்க இதழான கேம் இன்ஃபார்மர் நெடுங்காலம் கேம்ஸ்டாப் என்ற கடைச் சங்கிலியின் கையில் இருந்தது; 2024 ஆகஸ்ட்டில் அதை மூடினார்கள், 2025 மார்ச்சில் வேறு உரிமையாளரிடம் மீண்டும் உயிர்பெற்றது. உரிமையாளர் பெயரை வைத்தே மதிப்பெண் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நின்டெண்டோ பவர் மரியோவுக்குக் கொடுத்த எண்ணை அப்படியே பிரிட்டனின் எட்ஜ் இதழ் கொடுத்த எண்ணின் பக்கத்தில் வைத்தால் சிரிப்பார்கள்.

கசிந்த படத்தைச் சோதிப்பது

மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்தான் என்பது மாதிரி "ஃபமிட்சு 38 கொடுத்திருக்காம்" என்று மட்டும் வரும் செய்தியைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஃபமிட்சுவின் கிராஸ் ரிவ்யூவில் நான்கு பேர், ஆளுக்கு 10 மதிப்பெண், மொத்தம் 40. நான்கு எண்களும் தனித்தனியாக வராமல் கூட்டல் மட்டும் வந்தால் சந்தேகப்படுங்கள். நான்கும் வந்தால் கூட்டிப் பாருங்கள். புளுகு கட்டியவர்கள் கூட்டலில் கோட்டை விடுவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

பிறகு கேம் பெயருக்கு அருகே கன்சோல் பெயர், தயாரிப்பாளர், வெளியீட்டுத் தேதி, விலை ஆகியவை அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் தேதி அறிவித்த தேதியோடு ஒத்துப்போக வேண்டும். ஃபமிட்சு பொதுவாக வெளியீட்டை ஒட்டிய இதழில்தான் விமர்சிக்கும்; மூன்று மாதம் கழித்து வரப்போகும் கேமுக்கு இன்று நான்கு எண்கள் வந்திருந்தால் படம் ஜோடனை.

ஏப்ரல் இதழ் என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ல் ஷெங் லாங் என்ற ரகசிய வீரனை வரவழைக்கும் முறையை எழுதியது. முட்டாள்கள் தின வேடிக்கை. அதை உண்மை என்று நம்பி மற்றப் பத்திரிகைகளே எடுத்துப் போட்டன. பிள்ளைகள் ஒரு அடியும் வாங்காமல் கடைசி வரை போக முயன்று எத்தனை காசைத் தொலைத்தார்களோ!

ஜப்பானிய வரிகளில் வழுக்கும் இடங்கள்

எண்ணுக்குக் கீழே ஒவ்வொரு விமர்சகரும் சில வரிகள் எழுதியிருப்பார். அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வரும் சொற்களை வைத்து வாதாடுவதில் மூன்று இடங்களில் கால் வழுக்கும்.

"ஹிதோ ஓ எராபு" என்று வந்தால் செயலி "ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது" என்று கொடுக்கும். கதாபாத்திரத் தேர்வு வசதி இருக்கிறது என்று சிலர் கொண்டாடிவிடுவார்கள். உண்மையில் அது எச்சரிக்கை. இந்த கேம் எல்லோருக்கும் ஒத்துவராது என்று பொருள். "ஹகோதாயே" என்பது சொல்லுக்குச் சொல் பல்லுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு. நல்ல முறுக்கு மாதிரி, கடிக்கக் கடினம், ஆனால் அதில்தான் ருசி. சிரமத்தைப் பாராட்டாகச் சொல்லும் சொல் அது. அதைக் "கடினமாக இருப்பதாகக் குறை சொல்கிறார்" என்று திருப்பினால் தப்பு. மூன்றாவது, "ஓஷீ". கிட்டே வந்து கோட்டை விட்டது என்ற ஆதங்கம். 8 கொடுத்தவர் வரியில் இது இருந்தால், 9 ஆகாமல் போன காரணம் அந்த வாக்கியத்தில்தான் ஒளிந்திருக்கும். அதை முழுதாகப் பெயர்த்துக் கொடுங்கள், வாதத்துக்கு அதுவே போதும்.

அளவுகோல்

34ஐ 4ஆல் வகுத்து 8.5 என்று எழுதி, எட்ஜ் கொடுத்த 8ஓடு ஒப்பிடுவதுதான் இந்த வாதங்களில் அதிகம் நடக்கும் தவறு. வகுத்தல் சரி. அளவுகோல்தான் வேறு வேறு.

ஃபமிட்சுவில் 30, 31 என்றால் வெள்ளி. 32 முதல் 34 வரை தங்கம். 35ம் அதற்கு மேலும் பிளாட்டினம். ஆக 34க்கும் 35க்கும் நடுவே ஒரு எண்தான் என்றாலும் பட்டியலில் அது ஒரு படி. பிரிட்டனின் எட்ஜ் 10க்கு முழு எண்ணாக மட்டுமே கொடுக்கும், அரை கிடையாது. விமர்சகர் பெயரும் வெகுகாலமாகப் போடுவதில்லை, பத்திரிகையே பேசுவதாகக் கணக்கு. கேம் இன்ஃபார்மர் கால் கால் எண்ணாக ஏற்றி இறக்கும்: 8.25, 8.5, 8.75. கால் எண் வித்தியாசத்துக்கு எட்ஜில் இடமே இல்லை என்னும்போது இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது?

செய்ய வேண்டியது இது. அதே இதழில் அண்மையில் வந்த 15 விமர்சனங்களின் மொத்த மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதி, எட்டாவது எண்ணை வட்டமிடுங்கள். உதாரணத்துக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்வோம்: 24, 25, 26, 27, 28, 28, 29, 29, 30, 30, 31, 31, 32, 33, 35. எட்டாவது எண் 29. இந்த வரிசையில் நடுவாந்தர கேம் என்றால் 29, பத்துக்கு 7.25. பள்ளிக்கூடக் கணக்கில் 5தான் நடு என்று நினைப்பவர் 7ஐப் பார்த்து "நல்ல கேம்" என்பார். வரிசையை எழுதியவர் "சராசரிக்கும் கீழே" என்பார். உங்கள் 34ஐ இதே வரிசையில் செருகினால் மேலிருந்து இரண்டாம் இடம். "34 தானா?" என்று அழுதவருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சராசரி எடுக்க வேண்டாம். ஒரே ஒரு படுமோசமான கேம் சராசரியைக் கீழே இழுத்துவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது.

கூடவே தொடரின் முந்தைய பாகத்துக்கு அதே இதழ் என்ன கொடுத்தது என்று பாருங்கள். ஆனால் பத்து வருட இடைவெளி இருந்தால் அந்த ஒப்பீடு பலவீனம், ஏனென்றால் இதழின் கை காலப்போக்கில் தாராளமாகும். ஃபமிட்சு தொடங்கியது 1986ல். முதல் 40 விழுந்தது 1998ல், த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒக்கரீனா ஆஃப் டைமுக்கு. இரண்டாவது 1999ல் சோல்காலிபருக்கு, மூன்றாவது 2000ல் வேக்ரண்ட் ஸ்டோரிக்கு. பன்னிரண்டு வருடம் யாருக்கும் கிடைக்காத அந்த எண், 2009ல் மட்டும் டிராகன் குவெஸ்ட் 9, மான்ஸ்டர் ஹண்டர் ட்ரை, பேயோனெட்டா, நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ என்று நான்குக்குக் கிடைத்தது. ஜப்பானுக்கு வெளியே உருவான கேம் ஒன்று 40 தொட 2011ல் ஸ்கைரிம் வர வேண்டியிருந்தது. 1998இன் 40ம் 2009இன் 40ம் ஒரே எடை என்று வாதிடுபவரிடம் இந்த வருடங்களை வரிசையாகச் சொல்லுங்கள்.

நான்கு எண்களின் விரிசல்

மொத்தத்தைவிடச் சுவையானது இது. 9, 9, 8, 8ம் 34தான். 10, 10, 8, 6ம் 34தான். முதலாவதில் உச்சத்துக்கும் அடிக்கும் இடையே 1, இரண்டாவதில் 4. வித்தியாசம் 0 அல்லது 1 என்றால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அனுபவம். பிடித்த வகை கேம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 3ம் அதற்கு மேலும் என்றால் உள்ளே ஏதோ ஒன்று ஆளைப் பிரிக்கிறது. குறைந்த எண் கொடுத்தவரின் வரியை முதலில் வாசியுங்கள். அவர் திட்டும் விஷயம் உங்களுக்குப் பொருட்டே இல்லை என்றால் உங்கள் கணக்கில் அந்த கேம் 38 கூட ஆகலாம். சேவ் செய்யும் இடங்கள் தொலைவில் இருக்கின்றன என்று ஒருவர் 6 போட்டிருப்பார். பழைய ஆர்பிஜியில் ஊறியவருக்கு அது குறையா?

விமர்சகர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பத்து விமர்சனங்களைத் தொடர்ந்து படித்தால் பந்தயக் கார் கேம் என்றாலே அவர் கை இறுகுவதும், கதை நன்றாக இருந்தால் கேமராக் கோளாறை மன்னித்துவிடுவதும் பிடிபட்டுவிடும். எட்ஜில் இந்த வித்தை பலிக்காது.

எந்தக் கன்சோல்?

ஒரே பெயரில் இரண்டு கன்சோலில் வரும் கேமுக்கு இரண்டு விமர்சனங்கள் தேவை. பேயோனெட்டா இதற்குப் பாடப்புத்தக உதாரணம். எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்கு ஃபமிட்சு 40 கொடுத்தது. பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்கு 38. கேமை உருவாக்கிய பிளாட்டினம் கேம்ஸ் 360க்குச் செய்தது, பிளேஸ்டேஷன் 3க்கு (பிஎஸ்3) மாற்றியது சேகா நிறுவனம். பிஎஸ்3ல் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது என்ற கணக்கு) விழுந்தது, லோடிங் இழுத்தது. கண நேரத்தில் விலகித் தப்பினால்தான் எதிரிகள் மெதுவாகும் விட்ச் டைம் கிடைக்கும் ஒரு கேமில் ஃபிரேம் விழுவது அலங்காரக் குறை ஆகாது, கையையே கட்டிப்போடும். "பேயோனெட்டா 40 வாங்கிய கேம்" என்று கேட்டு பிஎஸ்3 டிஸ்க் வாங்கியவர் ஏமாந்தது இப்படித்தான்.

இதைவிடப் பெரிய விபத்து சைபர்பங்க் 2077. 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன்பு விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டுமே. பிசியில் ஆடியவர்கள் கொடுத்த உயர்ந்த மதிப்பெண்களைப் பார்த்து பிளேஸ்டேஷன் 4ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வைத்திருந்தவர்கள் முன்பதிவு செய்தார்கள். அந்தப் பழைய கன்சோல்களில் கேம் ஓடிய லட்சணத்தில், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனி தன் டிஜிட்டல் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வைத்தது 2021 ஜூனில்.

ஆகவே, மதிப்பெண்ணைப் பகிரும்போது கன்சோல் பெயரை ஒட்டியே எழுதுங்கள். "34" என்று எழுத வேண்டாம், "34, ஸ்விட்ச்" என்று எழுதுங்கள். விமர்சனத்தில் கன்சோல் பெயர் இல்லை என்றால், அல்லது உங்கள் கன்சோலுக்கு மட்டும் விமர்சனப் பிரதி தரவில்லை என்றால், அதுவே செய்தி. முன்பதிவை நிறுத்திவைக்க அது போதுமான காரணம்.

தேதிக் கணக்கு

அட்டையில் டிசம்பர் என்று இருந்தால் டிசம்பரில் ஆடி எழுதினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத இதழ்கள் அட்டைத் தேதிக்கு முன்பே கடைக்கு வந்துவிடும். எட்ஜ் வருடத்துக்கு 13 இதழ் போடும் பத்திரிகை, அதன் மாதப் பெயர் நாட்காட்டியோடு ஒட்டுவதே இல்லை. கடைக்கு வந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: லாரியில் போன நாட்கள், அச்சகத்தில் இருந்த நாட்கள், பக்கம் கட்டிய நாட்கள், எழுதிய நாட்கள், ஆடிய நாட்கள். மாத இதழ் என்றால் விமர்சகர் கையில் கேம் இருந்த காலம் பல வாரம் பின்னால் போய் நிற்கும்.

இதில் இரண்டு விளைவு. வெளியீட்டு நாளில் இறங்கும் திருத்தக் கோப்பான பேட்சை (டே ஒன் பேட்ச்) அவர் பார்த்திருக்க மாட்டார். ஆன்லைன் சர்வர்களில் உண்மையான கூட்டம் ஏறியதையும் பார்த்திருக்க மாட்டார். மல்டிபிளேயரைப் பற்றி அச்சில் வந்த பாராட்டு, காலி மைதானத்தில் பந்து வீசிய அனுபவம்தான்.

ஆகவே விமர்சனத்தில் உள்ள குறைகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். பேட்ச் தீர்க்கக் கூடியவை ஒரு பக்கம்: ஃபிரேம் விழுவது, கேம் உறைவது, சேவ் கெட்டுப்போவது, எழுத்து சிறிதாக இருப்பது, ஓர் ஆயுதம் அளவுக்கு மீறி வலுவாக இருப்பது. பேட்ச் தொட முடியாதவை மறுபக்கம்: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் கட்ட அமைப்பு, சுவாரஸ்யமே இல்லாத கடைசி மூன்றில் ஒரு பங்கு, கதை. கேமரா இரண்டுக்கும் நடுவே. சுழலும் வேகத்தை மாற்றலாம், குறுகிய அறைகளாகவே கட்டிய கேமில் சுவருக்குள் புகும் கேமராவைத் திருத்துவது பெரும்பாடு. "எல்லாம் டே ஒன் பேட்சில் சரியாகிவிடும்" என்பவரிடம் இரண்டாவது குவியலை மட்டும் காட்டிப் பேசுங்கள்.

காசு வாங்கிவிட்டார்களா?

தனக்குப் பிடிக்காத எண் வந்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது இதுதான். ஆதாரம் இல்லாமல் சொல்லாதீர்கள். அதே நேரம், நடக்கவே நடக்காது என்றும் சொல்லாதீர்கள். 2004ல் டிரைவர் 3 என்ற கேம் வந்தபோது பிரிட்டனின் இரண்டு இதழ்கள் மற்றவர்களுக்கு முன்பே 9/10 கொடுத்தன. பின்னால் வந்த விமர்சனங்கள் வெகுவாகக் கீழே போயின. ரசிகர்கள் மாதக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு: கேன் அண்ட் லின்ச் என்ற கேமுக்கு 2007ல் 6.0 கொடுத்த கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலை இழந்தார். விளம்பரப் பணம் சார்ந்த அழுத்தம் நிர்வாகத்தின் மேல் இருந்ததை 2012ல் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

அதே இதழில் அந்த கேமின் முழுப்பக்க விளம்பரம் இருப்பது ஆதாரம் ஆகாது. கேம் பத்திரிகையில் கேம் விளம்பரம்தான் வரும், புடவை விளம்பரமா வரும்? சந்தேகத்துக்கு எடை சேர்ப்பது வேறு: மற்ற இதழ்களுக்கு இன்னும் பிரதியே தராத நிலையில் ஒரு இதழில் மட்டும் முந்தி வந்த விமர்சனம், அதே இதழில் அதே கேமின் அட்டைப்படம், எழுத்திலோ முதல் சில மணி நேரத்துக்கு மேல் ஆடியதற்கான தடயமே இல்லாமை. மூன்றும் சேர்ந்தால் கேள்வி கேளுங்கள். அதுவும் கேள்வியாகவே கேளுங்கள்.

சராசரித் தளங்கள்

பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் மெட்டாக்ரிட்டிக் தளம் தருவது நேர் சராசரி கிடையாது; சில பத்திரிகைகளுக்கு எடை அதிகம், எவ்வளவு என்று சொல்வதில்லை. 75ம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. 74க்கும் 75க்கும் நடுவே நிறம் மாறுகிறதே தவிர கேம் மாறுவதில்லை. அந்த ஒரு எண்ணுக்கு வெளியே விலை உண்டு என்பது வேறு கதை: ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேம் 85 தொட்டால் உருவாக்கிய அப்சிடியனுக்கு போனஸ் என்று ஒப்பந்தம், நின்றது 84ல்.

2006ல் செல்டா தொடரின் ட்விலைட் பிரின்சஸுக்கு கேம்ஸ்பாட் 8.8 கொடுத்ததற்கு எழுந்த கூச்சலை இன்றும் வேடிக்கையாகச் சொல்வார்கள். 9க்கு 0.2 குறைவு என்பதற்காக அத்தனை ஆத்திரம். விமர்சனத்தின் உள்ளே என்ன குறை சொல்லியிருந்தது என்று அந்தக் கூச்சலில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

பதிவு போடும் முறை

பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து போடாதீர்கள். அது அவர்கள் விற்கும் சரக்கு. எண்களையும், உங்கள் சொல்லில் சுருக்கிய காரணத்தையும் போடுங்கள். வடிவம் இப்படி இருந்தால் போதும்: இதழ் பெயரும் கடைக்கு வந்த தேதியும், கன்சோல், தனித்தனி எண்கள், அந்த இதழின் நடு எண், பாராட்டியதில் ஒன்று, குறை சொன்னதில் இரண்டு, குறை எந்தக் குவியல் என்ற உங்கள் கணிப்பு. ஏழு வரி. கதையின் திருப்பம் விமர்சனத்தில் கசிந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கணிப்பை மழுப்பாமல் எழுதுங்கள். "சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்" என்று நிறுத்தாமல், "இரண்டாம் நகரத்தில் ஃபிரேம் விழுவது டே ஒன் பேட்சில் நிற்கும், வரைபடத்தின் குழப்பம் நிற்காது" என்று எழுதுங்கள். கேம் வந்ததும் பேட்ச் இறக்கி, அமைப்புத் திரையில் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, நேராக அந்த இரண்டாம் நகரத்துக்குப் போங்கள். பகலில் ஒரு சுற்று, மழை பெய்யும்போது ஒரு சுற்று, சண்டையோடு ஒரு சுற்று. மூன்றிலும் என்ன ஆனது என்று, பதிப்பு எண்ணோடு, உங்கள் பழைய பதிவின் அடியிலேயே போடுங்கள்.